தூத்துக்குடித் துறையும் நமது கைத்தறியும்

வருஷந்தோறும் ஆகஸ்டு மாதம் 7ஆந் தேதி தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. 1905ஆம் வருஷம் அதே தேதியில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜனங்கள் திரண்டு அந்நியச் சாமான்களை விலக்குவதென்று தீர்மானித்ததை நினைவூட்டும் பொருட்டு, 2015ஆம் வருஷம் முதல் இந்திய சர்க்கார் இவ்விழாவை ஏற்படுத்தினர். அன்றைய தினம் மந்திரிகள் கைத்தறி ஆடை உடுத்துகின்றனர். சிறந்த நெசவாளர்க்கு விருது வழங்குகின்றனர். பத்திரிகைகளில் படங்கள் வெளிவருகின்றன. இவை நல்ல காரியங்களே. விழாவை நாம் குறை கூற வரவில்லை. ஆயினும் விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாள் நெசவாளி குழித்தறியில் இறங்கி உட்காரும்போது அவருக்கு நூல் கிடைக்கின்றதா, கூலி கட்டுகின்றதா, அவர் நெய்த சேலையின் பெயரை வேறொரு சேலை திருடிக்கொண்டு போகின்றதா என்று கேட்பார் மிகச் சிலரே. 2020ஆம் வருஷம் ஜூலை மாத இறுதியில், ஆறாவது கைத்தறி தினத்துக்குச் சில நாட்களே இருக்கையில், கைத்தறித் தொழிலின் குறைகளைச் சர்க்காருக்கு எடுத்துரைக்க இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. விழா நிலைத்தது, வாரியம் போயிற்று.

இவ்விஷயத்தைத் தூத்துக்குடித் துறையிலிருந்து நோக்குமாறு நமது வாசகர்களை அழைக்கின்றோம். காஞ்சிபுரத்தையும் சேலத்தையும் விட்டுத் தூத்துக்குடிக்குப் போவானேன் என்று சிலர் வினவலாம். பட்டுக்குப் பெயர்போன ஊர்களில் சேலையின் அழகு நம் கண்ணைப் பறித்துவிடும். அச்சேலையை ஆட்டிவைக்கும் கயிறுகள் கண்ணுக்குப் புலப்படா. தூத்துக்குடியிலோ பஞ்சு, நூல், தறி, கப்பல் ஆகிய நான்கும் ஒரே கரையில் ஒன்றையொன்று சந்தித்தன. நெசவாளியின் வாழ்வும் தாழ்வும் எவர் கையில் இருக்கின்றன என்பதை அத்துறையின் சரித்திரம் ஒளிவு மறைவின்றிக் காட்டுகின்றது.

இக்கரையில் முத்தும் துணியும் உடன்பிறந்தவை. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து இந்தியக் கரைவரை வந்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பில், கொற்கையில் முத்துக் குளித்தலைப் பற்றியும், உறையூரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணி ஏற்றுமதியானதைப் பற்றியும் செய்தி இருக்கின்றது. கடலின் செல்வமும் தறியின் செல்வமும் அக்காலத்திலேயே ஒரே வாணிபத்தின் இரு கைகளாக இருந்தன என்பது இதனால் விளங்கும். வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் உருண்டைகள் கிடைத்திருப்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நெசவு நமக்கு நேற்று வந்த வித்தையன்று என்பதற்கு இதற்கு மேலும் சாட்சி வேண்டுமோ?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, காயல் துறையின் செல்வத்தையும் முத்துக் குளிக்கும் முறையையும் வியந்து எழுதியவர். அவர் இன்னொரு செய்தியும் எழுதினார். இம்மாகாணம் முழுவதிலும் துணியை வெட்டித் தைக்கும் தையற்காரன் ஒருவனும் இல்லை; எல்லாரும் ஏறக்குறைய ஆடையின்றியே திரிகின்றனர் என்பது அவர் கண்ட காட்சி. நூற்றுக்கு மேற்பட்ட முத்துக்களும் மணிகளும் கோத்த மாலையை அணிந்த அரசனும் இடையில் ஒரு துணியோடு நின்றான் என்று அவர் ஆச்சரியப்படுகின்றார். கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாத நாட்டைக் கண்டு அவர் நாகரிகக் குறைவென்று எண்ணினாரோ என்னவோ, நாம் அறியோம். நமக்குத் தோன்றுவது வேறு. நம்மவருடைய ஆடை தறியிலேயே முடிந்துவிடுகின்றது. கரையும் முந்தியும் உடலும் நெசவாளியின் கையிலேயே முழுமை பெறுகின்றன. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. வேட்டியும் சேலையும் நெய்பவரே அவ்வாடையை ஆக்கியவர். அவருக்குப் பின் வேறொருவர் கை படுவதில்லை. 1921ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22ஆந் தேதி மதுரையில் மகாத்மா காந்தி மேலாடை களைந்து முழத்துண்டு உடுத்தியபோது, இப்பழைய உண்மையையே உலகத்துக்கு ஒரு புதிய பாஷையில் சொன்னார்.

அந்நியர் முதலில் நம்மிடம் நாடி வந்தது இத்துணியையே. போர்த்துக்கேசியர் முத்துக்காக வந்தனர். 1658ஆம் வருஷத்தில் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தர் முத்தோடு துணியையும் தேடினர். மதுரை நாட்டு உள்ளூர்களில் நெய்த பருத்தித் துணிகள் தூத்துக்குடிப் பண்டசாலையிற் சேர்ந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. மணற்பாங்கான இக்கடற்கரையில் விளையும் சாயவேர் அத்துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டியது. காயற்பட்டினத்து மரைக்காயர்கள் தங்கள் மரக்கலங்களில் இலங்கைக்கும் அப்பாலுக்கும் ஜவுளி கொண்டு போயினர். ஆயினும் அந்நியக் கம்பெனிகள் வந்த பின்னர் ஒரு புதிய வழக்கம் வேரூன்றிற்று. அது முன்பணம் என்னும் வலை. கம்பெனிக்கார வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார். நெசவாளி தாம் நெய்வதை அவருக்கே கொடுத்தாகவேண்டும். விலையை அவரே நிர்ணயிப்பார். குறையென்று தள்ளிய துணியின் நஷ்டம் நெசவாளியையே சேரும். கைத்திறன் நெசவாளியிடம் இருந்தது. கணக்குப் புத்தகம் வேறொருவரிடம் இருந்தது. அந்நாள் முதல் இந்நாள்வரை நெசவாளியின் துன்பம் இந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கும்.

19ஆம் நூற்றாண்டில் வந்த மாறுதல் இதனினும் பெரிது. துணிக்காக வந்தவர்கள் பஞ்சுக்காக வரலாயினர். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணியும் உப்பமும் ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்று வெளிநாட்டுச் சந்தைகளிற் பெயர் பெற்றன. 1876ஆம் வருஷத்தில் ரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டது. கரிசற்காட்டுப் பொதிகள் விரைந்து கப்பலேறின. நாம் விளைத்த பஞ்சு கடல் கடந்து போய், நூலாகவும் துணியாகவும் திரும்பி வந்து நம் சந்தையிலேயே விலை கூறப்பட்டது. 1888ஆம் வருஷத்தில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் தூத்துக்குடியில் எழுந்தது. அது நூற்பாலை. ஆலை நூலின் மலிவுக்கு முன் வீட்டு ராட்டினம் நிற்க முடியவில்லை. நூற்றவர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வாய்விட்டு அழுததற்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அதிக இடம் இல்லை. நெய்பவர் மட்டும் தப்பிப் பிழைத்தனர். ஆனால் தப்பியவர் ஆலையின் வாயிலில் நூலுக்குக் காத்து நிற்பவராயினர். பஞ்சை விளைப்பவர் ஒருவர், நூலை ஆள்பவர் இன்னொருவர், துணியை விற்பவர் மூன்றாமவர் என்று ஆன பின்பு, நடுவில் நெய்பவருக்கு என்ன சுதந்திரம் இருக்கும்?

இதை உணர்ந்து எதிர்த்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். கவி பாரதியாரின் தந்தையார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் ஒரு பஞ்சாலை நிறுவ முயன்றார். அம்முயற்சி முறிந்தது, பொருள் போயிற்று, மனமொடிந்த அவர் 1898ஆம் வருஷத்தில் காலமானார். ஒரு குடும்பத்தின் துயரமாக அதைப் படித்துவிட்டுப் போகின்றோம். கரிசல் மண்ணிலே விளைந்த பஞ்சைக் கரிசல் மண்ணிலேயே நூலாக்க வேண்டுமென்ற எண்ணமே அன்று முறிந்தது என்பதை நினைப்பாரில்லை.

வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் கப்பலோட்டினார்கள் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். 1906ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16ஆந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு வருஷம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆனால் அதே தூத்துக்குடியில் அவர் தரும சங்க நெசவுச்சாலை என்றொரு நெசவுச்சாலையையும், சுதேசிச் சாமான்களுக்குத் தேசியப் பண்டகசாலையையும் ஏற்படுத்தினார் என்பதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கின்றனர்? 1908ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 27ஆந் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு முன் நின்றவர் அவரும் சுப்பிரமணிய சிவாவுமே. கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கேட்ட அவர்கள் ஒன்பது நாள் உறுதியாய் நின்று வென்றனர். அடுத்த சில நாட்களிலேயே தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அது பின்னர்க் குறைக்கப்பட்டு, 1912ஆம் வருஷ இறுதியில் அவர் விடுதலையானார்.

நெசவுச்சாலை, நூற்பாலைத் தொழிலாளர், கப்பல்: இம்மூன்றையும் தனித்தனிக் கதைகளாக நாம் படித்து வருகின்றோம். அவரோ இம்மூன்றையும் ஒரே காரியமாகக் கண்டார். தறி நம்முடையதாயினும் நூல் பிறருடையதாயின் பயனில்லை. நூல் நம்முடையதாயினும் அதை நூற்பவன் அரை வயிற்றோடு இருப்பானாயின் அது தர்மமில்லை. இரண்டும் இருந்தும் கொண்டு செல்லும் கப்பல் பிறருடையதாயின் விலை நம் கையில் இல்லை. ஒரு வக்கீலின் தெளிவோடு அவர் கண்ட இவ்வுண்மையை, அவர் பெயரால் சிலை நாட்டிய நாம் இன்னும் முழுதும் காணவில்லை.

அக்காலத்து வரிச் சட்டம் ஒன்றையும் இங்கு நினைவூட்டுவோம். லங்காஷயர் ஆலை முதலாளிகளின் கூச்சலுக்குச் செவிசாய்த்து, 1896ஆம் வருஷத்தில் அன்றைய சர்க்கார் இந்திய ஆலைத் துணியின் மீது நூற்றுக்கு மூன்றரை வீதம் உள்நாட்டு வரி விதித்தனர். தேசாபிமானிகள் முப்பது வருஷ காலம் அதை எதிர்த்துப் போராடினர். 1925ஆம் வருஷ இறுதியில் அது நிறுத்தப்பட்டது. அநியாயமான அச்சட்டத்திலும் ஒரு நியாயம் இருந்தது: கைத்தறித் துணிக்கு அவ்வரி இல்லை. அந்நிய சர்க்காருங்கூடக் குழித்தறியையும் ஆலையையும் ஒரே தராசில் நிறுத்தத் துணியவில்லை. நமது சொந்த சர்க்காரோ 2017ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ஆந் தேதி முதல் வந்த சரக்கு சேவை வரியில், ஆலையில் நெய்த பருத்திச் சேலைக்கும் தறியில் நெய்த பருத்திச் சேலைக்கும் ஒரே விதமாக நூற்றுக்கு 5 வீதம் வரி வைத்தனர். ஒரே வரி என்பது சமத்துவம் என்று சிலர் வாதிக்கின்றனர். யானைக்கும் எறும்புக்கும் ஒரே சுமை ஏற்றுவது சமத்துவமாயின், இதுவும் சமத்துவமே.

இனி இன்றைய நிலைமையைக் கணக்கால் காண்போம். சர்க்கார் எடுத்த கைத்தறிக் கணக்குகளின்படி இத்தேசத்தில் கைத்தறித் தொழிலிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தோர் 1995-96இல் 65 லட்சத்துக்கு மேல். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். கால் நூற்றாண்டில் ஏறக்குறைய பாதிப்பேர் தறியை விட்டனர். எஞ்சியிருப்போரில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்கள். நெசவாளி என்றவுடன் ஆடவனை நினைப்பது நமது பழக்கம். அப்பழக்கத்தை இக்கணக்கு மாற்றவேண்டும். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் வாழ்கின்றன என்றும் 2019-20ஆம் வருஷக் கணக்கே கூறுகின்றது. வீடு முழுவதும் பாவோடவும் கஞ்சி போடவும் தார் சுற்றவும் நெய்யவும் உழைத்துப் பெறும் தொகை இது. பாரம்பரியப் பெருமை பேசும் மேடைகளில் இவ்வெண்ணைச் சொல்வார் அரியர்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றது. 1985ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. விசைத்தறி முதலாளிகள் நியாயஸ்தலம் ஏறினர்; வழக்கு நடந்த வருஷங்களெல்லாம் சட்டம் உறங்கிற்று. 1993ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த மூன்றாம் வருஷம், 1996இல், 22 ரகங்கள் 11ஆகக் குறைக்கப்பட்டன. நியாயஸ்தலத்தில் வென்ற கட்சிக்காரன் வீட்டுக்கு வருவதற்குள் அவன் நிலத்தில் பாதி பிறர் கைக்குப் போனது போலாயிற்று. எஞ்சிய 11இல் சேலையும் வேட்டியும் லுங்கியும் துண்டும் ஜமக்காளமும் அடங்கும். சட்டத்தை மீறி இவற்றின் ஒதுக்கப்பட்ட வகைகளை விசைத்தறியில் நெய்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய்வரை அபராதம். 1985ஆம் வருஷத்து 5,000 ரூபாய் வேறு, இன்றைய 5,000 ரூபாய் வேறு. மீறுவதால் வரும் லாபம் வளர்ந்தது. மீறினால் வரும் தண்டனை வளரவில்லை. இப்படிப்பட்ட சட்டத்தை வேலி என்பதா, வேலியின் படம் என்பதா?

அடுத்தது நூல். நூற்பாலைகள் தாம் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கு ஏற்ற சிட்டா நூலாகக் கட்டித் தரவேண்டுமென்பது விதி. அப்பங்கு ஒரு காலத்தில் நூற்றுக்கு 50 ஆக இருந்தது; 2003இல் 40 ஆயிற்று; 2019இல் 30 ஆயிற்று. கைத்தறிகள் குறைந்துவிட்டமையால் பங்கும் குறைகின்றது என்று காரணம் கூறப்படுகின்றது. நூல் கிடைக்காமையாலும் விலை ஏறியமையாலும் தறிகள் நின்றன. தறிகள் நின்றமையால் நூலின் பங்கைக் குறைக்கின்றனர். நோயாளி சரியாக உண்ணவில்லை என்று உணவைக் குறைத்துக்கொண்டே போகும் வைத்தியனை நாம் எங்கும் கண்டதில்லை. பருத்தியின் கதையும் இதுவே. தேசம் விடுதலை பெற்ற காலத்தில் நம் நிலங்களில் நாட்டுப் பருத்தியே மிகுதி. இன்று அது நூற்றில் சில பங்காகச் சுருங்கிவிட்டது. 1901ஆம் வருஷம் முதல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை கருங்கண்ணியைப் பேணி வந்தும், சந்தை அதைக் கைவிட்டது. அன்று நமது பஞ்சு கப்பலேறிய தூத்துக்குடியில் இன்று அயல்நாட்டுப் பஞ்சு இறங்குகின்றது.

இங்கே நமது எதிர்க்கட்சியாரின் வாதங்களையும் நேர்மையோடு நோக்கவேண்டும். ஏழைக்கு மலிவான துணி வேண்டாவா என்பது முதல் வாதம். வேண்டும், அதை எவரும் மறுக்கவில்லை. அன்றாட உடுப்புக்கு ஆலையும் விசைத்தறியும் பின்னலாடையும் இருக்கட்டும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவரும், திருப்பூரில் பின்னலாடை தைப்பவரும் நம் சகோதர சகோதரிகளே. அவர்கள் கூலியையும் நாம் கேட்டேயாகவேண்டும். ஆனால் மலிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்குவோர் தூத்துக்குடியின் குடைக் கதையை மறக்கலாகாது. சுதேசிக் கப்பலை ஒழிக்க, போட்டிக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். பின்பு இனாமாகவே ஏற்றிச் சென்று கையில் ஒரு குடையும் கொடுத்தனர் என்பது சரித்திரம். பிரயாணிகளுக்குக் குடை கிடைத்தது. தேசத்துக்குக் கப்பல் போயிற்று. மலிவை விலையில் மட்டும் பார்ப்பவர் எதை இழந்தோம் என்பதைப் பின்னரே அறிவர்.

நெசவாளியின் பிள்ளை என்றென்றும் குழித்தறியிலேயே இருக்கவேண்டுமா என்பது இரண்டாம் வாதம். இது கனமான வாதம். பாரம்பரியத்தின் பெயரால் ஒருவரை வறுமையிற் கட்டிவைக்க எவருக்கும் அதிகாரமில்லை. நெசவாளியின் மகளும் மகனும் படித்து எந்த உத்தியோகத்துக்கும் போகட்டும். ஆனால் மனமொப்பித் தொழிலை விடுவது வேறு. பசியால் துரத்தப்படுவது வேறு. கௌரவமான கூலி கிடைக்குமாயின் எத்தனை பேர் தறியில் இருப்பார்கள் என்பதை நாம் ஒரு முறையாவது சோதித்துப் பார்த்தோமா? சோதனை செய்யாமலே, அவர்கள் தாமே தொழிலை விட்டனர் என்று தீர்ப்புக் கூறுவது எந்த நியாயஸ்தலத்திலும் செல்லாது.

மூன்றாவது வாதம் தந்திரமானது. வாங்குவோருக்கே வித்தியாசம் தெரியவில்லை. பின் வித்தியாசம் எதற்கு என்பது அது. இதற்கு முத்துக்குளித்துறையே விடை சொல்லட்டும். இக்கரையில் முத்து வியாபாரிகள் அளவளவாய்த் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாய் வைத்து முத்தைச் சலிப்பர். பின் ஒவ்வொன்றையும் கண்ணருகே உருட்டி, நிறமும் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்தைத் தனியே எடுப்பர். வாங்குகின்றவனுக்கு வித்தியாசம் தெரியாதென்பதற்காகக் கண்ணாடி மணியை ஆணிமுத்தென்று விற்றவனை வியாபாரி என்று அவர்கள் அழைக்கவில்லை. திருடன் என்றே அழைத்தனர். முத்துக்கு இருந்த இந்த நேர்மை துணிக்கு ஏன் இல்லை? விசைத்தறியில் மூன்று மணி நேரத்தில் இறங்கும் சேலையைக் கைத்தறியென்று சொல்லிக் கைத்தறி விலைக்கு விற்பவர் இருவரை ஏமாற்றுகின்றார்: வாங்குபவரின் பணம் போகின்றது, நெய்தவரின் பெயர் போகின்றது. 2006ஆம் வருஷம் முதல் கைத்தறி முத்திரை என்றொரு அடையாளம் வழக்கில் இருக்கின்றது. அதைக் கடையிற் கேட்டு வாங்குகின்றவர் நம்மில் எத்தனை பேர்?

முத்தின் கதை இன்னொரு பாடமும் போதிக்கின்றது. முன்னாளில் சிப்பி முற்றியிருக்கின்றதா என்று பார்களைச் சோதித்த பின்னரே முத்துக்குளிக்கு உத்தரவு பிறக்கும். பல வருஷங்கள் கடலை ஓய்வாக விட்டுவைப்பர். அப்படியிருந்தும் தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் வருஷத்தோடு பெரும் முத்துக்குளி நின்றுபோயிற்று. 1973இல் விஞ்ஞானிகள் அதே ஊரில் சிப்பிக்குள் முத்து வளர்க்கும் வித்தையைக் கண்டனர், அது பாராட்டுக்குரியது. ஆயினும் பார்களில் தானே விளைந்த அந்த வளம் திரும்பவில்லை. கைத்திறனும் அத்தகையதே. தாயிடமிருந்து மகள் கையிலும், மாமனிடமிருந்து மருமகன் கையிலும் இறங்கும் வித்தை ஒரு தலைமுறை இடைவிட்டால், புத்தகத்தைப் பார்த்து அதை மீட்க முடியாது. பொருட்காட்சிச் சாலையில் சேலையை வைக்கலாம்; விரலின் நினைவை வைக்க இயலுமா?

நம்பிக்கைக்கு இடமில்லை என்று நாம் கூறவில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைக் கோரைப்பாய்க்கு 2013இலேயே அது கிடைத்தது. எட்டயபுரத்தில் இன்றும் தறியோசை கேட்கின்றது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிலைத்து நிற்கின்றது. கைத்தறி வீடுகளுக்கு மின்சாரச் சலுகையை மாகாண சர்க்கார் 2023இல் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தினர். இவை மூச்சிருப்பதற்கு அடையாளங்கள். ஆனால் குறியீட்டுப் பத்திரம் கூலி தராது. அதைப் போலிக்கு எதிராகப் பயன்படுத்த ஒருவர் வழக்காட வேண்டும். வழக்காடும் சக்தி நெசவாளர் சங்கத்துக்கு எங்கிருந்து வரும்? அதைச் சர்க்கார் வக்கீல்களே ஏற்று நடத்தவேண்டும்.

ஆகவே நாம் கோருவன இவை. கைத்தறித் துணிக்கும் கைத்தறிக்கான சிட்டா நூலுக்கும் சரக்கு சேவை வரி அறவே நீங்கவேண்டும். 1896ஆம் வருஷத்து அந்நிய சர்க்கார் கொடுத்த சலுகையைக் குடியரசு மறுப்பது அழகன்று. ஒதுக்கீட்டுச் சட்டத்தின் அபராதம் இக்காலத்துக்கு ஏற்ப உயரவேண்டும். எத்தனை இடங்களைச் சோதித்தனர், எத்தனை வழக்குத் தொடர்ந்தனர், எத்தனை பேர் தண்டனை பெற்றனர் என்ற கணக்கை வருஷந்தோறும் சட்டசபையில் வைக்கவேண்டும். பொங்கலுக்கு ஏழைகளுக்கு வழங்கும் விலையில்லா வேட்டி சேலையில் பெரும்பகுதி இன்று விசைத்தறிக்கே போகின்றது; 1983இல் தொடங்கிய அத்திட்டத்தில் கைத்தறியின் பங்கு படிப்படியாக உயரவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சேரவேண்டிய தொகை காலந்தவறாது சேரவேண்டும். மேலே ஒரு மாதம் தாமதமானால் கீழே ஓர் அடுப்பு எரியாது. கலைக்கப்பட்ட வாரியத்துக்கு ஈடாக, நெசவு செய்யும் பெண்கள் பாதிக்குக் குறையாமல் அமர்ந்து பேசும் சபை ஒன்று ஏற்படவேண்டும்.

சர்க்காரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடுவது சுதேசி தர்மமன்று. தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது வாசகர்களிடமும் கேட்கின்றோம். மேடைக்கு உடுத்தும் வேட்டி எந்த ஊரில் எந்தத் தறியில் இறங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் இல்லத்துக் கலியாணத்துக்கு எடுக்கும் ஜவுளியில் ஒரு பங்காவது நெசவாளர் சங்கத்திலிருந்து நேரே வருகின்றதா? கடையில் கைத்தறி முத்திரையைக் கேட்டு, அது இல்லையென்றால் துணியைத் திருப்பி வைக்கும் துணிவு நமக்கு உண்டா? 1905இல் நம் முன்னோர் அந்நியத் துணியை நெருப்பிலிட்டனர். இன்று எதையும் எரிக்கவேண்டியதில்லை. வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. 2011 முதல் அது வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தமிழ்நாட்டு ஆடைகள் அத்துறையிலிருந்து உலகமெங்கும் போகின்றன. பெயர் வைத்தாயிற்று, கப்பலும் போகின்றது. ஆனால் அப்பெயருக்கு உரியவர் கப்பலோடு நெசவுச்சாலையும் நிறுவியவர். கப்பலை மட்டும் நினைத்துத் தறியை மறப்போமாயின், அவருக்குச் செலுத்தவேண்டிய கடனில் பாதி நம் கணக்கில் நிலுவையாகவே நிற்கும். அதைத் தீர்க்கும் பொறுப்பு சர்க்காருக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு நமக்கும் உண்டு.